மறையூர்க் காற்றும் கணிப்பொறியின் சூடும்



மறையூர் என்ற பெயரைக் கேட்டவுடன் சந்தனக் காடும், கரும்பு வெல்லமும், பாறைக் குன்றுகளின்மேல் நிற்கும் முனியறைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பற்றி அறிந்தோர் பலர் பலமுறை பேசியிருக்கிறார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அவ்வூரில் வாழும் ஓர் இளைஞர், தம் மேசைக்கு வேண்டிய கணிப்பொறியைத் தாமே பூட்டிக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொறி அவருக்குப் போதவில்லை. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி இணைக்க வேண்டும். பிறகு, செய்தவர்கள் குறித்த வேகத்துக்கும் மேலே அதனை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் அவா. இவ்வாறு வேகத்தை ஏற்றுவதற்கு ஓவர்கிளாக் செய்தல் என்று பெயர். அவர் எந்தச் செயலியை வாங்குவது? அதன் சூட்டைத் தணிக்க எதனை வாங்குவது? இதுவே இன்றைய பேச்சு.

பிள்ளைகளின் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். விளையாட்டுக்காகவும் வாங்குகிறார்கள், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் காணொளி தொகுப்பவரும், கட்டட வரைபடம் வரைபவரும், தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே முப்பரிமாணப் படம் செய்து அனுப்புபவரும் இவ்வகைப் பொறியையே நாடுகின்றனர். அதற்குச் செலவாகும் தொகை ஒரு சிறு விவசாயக் குடும்பத்துக்கு எளிய தொகையன்று. மேலும், ஓர் உறுப்பு பழுதாகிவிட்டால் சின்னாற்றுக் காட்டுவழியாக நாற்பது கிலோமீட்டருக்குமேல் இறங்கி உடுமலைப்பேட்டையில் தேட வேண்டும். அங்கும் கிடைக்காவிடில் கோயம்புத்தூர்தான். நகரத்திலிருப்பவன் தவறாக வாங்கினால் மாலையில் கடைக்குச் சென்று மாற்றிக்கொண்டு வருவான். மலைமேல் இருப்பவருக்கு அவ்வசதி இல்லை. ஆகவே அவர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணியே வாங்க வேண்டியவராகிறார்.

செயலி என்பது கணிப்பொறியின் கணக்கன். அவன் ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறான். ஒரு விநாடிக்கு எத்தனை தாளம் என்பதே அவனுடைய கடிகார வேகம். இக்காலத்துச் செயலிகள் விநாடிக்கு 500 கோடித் தாளமும் அதற்கு மேலும் போடுகின்றன. விநாடிக்கு 500 கோடித் தாளம் என்பதை 5 கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். தாளத்தை விரைவுபடுத்தினால் வேலையும் விரைவாகும் என்பது வெளிப்படை. 1998இல் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்னும் விலை மலிந்த செயலி ஒன்றை விற்றது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்பட்ட அதனை, தாய்ப்பலகையில் தாளத்தை 66இலிருந்து 100ஆக மாற்றிய மாத்திரத்தில், பலர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினர். ஒன்றரை மடங்கு வேகம், கூடுதல் செலவு ஏறக்குறைய ஏதுமில்லை! ஓவர்கிளாக் என்றதும் இன்றும் பலருடைய உள்ளத்தில் எழும் ஆசைக்கு அந்தக் காலத்து அதிர்ஷ்டமே காரணம் என்பது என் எண்ணம்.

அந்த அதிர்ஷ்டம் இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அக்காலத்தில் செய்தவர்கள் ஒரு செயலியின் ஆற்றலில் கணிசமான பகுதியை விட்டுவைத்தார்கள்; வாங்கியவர் அதனைக் கண்டெடுத்துக்கொண்டார். இக்காலத்துச் செயலி தன் சூட்டையும், தான் இழுக்கும் மின்னோட்டத்தையும் தானே அளந்துகொண்டு, இடமிருக்கும் வரை தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து வைத்த அன்றே அது தன் எல்லைக்கு அருகில் ஓடுகிறது. அதற்கு மேலும் நாம் ஏற்ற முயன்றால் கிடைப்பது நூற்றுக்கு நாலைந்து பங்கு. கொடுப்பது அதைவிடப் பன்மடங்கு.

அதன் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். செயலி வேலை செய்யும்போது செலவாகும் மின்திறன், தாளத்தின் வேகத்தைப் பொறுத்து நேராக வளர்கிறது. மின்னழுத்தத்தைப் பொறுத்தோ அதன் இருமடிக்கு வளர்கிறது. வேகத்தை ஏற்ற வேண்டுமாயின் பெரும்பாலும் அழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே வேகத்தைப் பத்து விழுக்காடும் அழுத்தத்தைப் பத்து விழுக்காடும் உயர்த்தினால், திறன் முப்பத்து மூன்று விழுக்காடு உயர்கிறது. மாறாக இரண்டையும் பத்து விழுக்காடு குறைத்தால், நூறு வாட் எழுபத்து மூன்று வாட்டாகிறது. செலவாகும் அத்தனை மின்சாரமும் வெப்பமாகவே வெளிப்படுகிறது.

இதற்கு உவமை தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஏ.எம்.டி. நிறுவனம் ஒரே வகைச் சில்லைக் கொண்டு இரண்டு செயலிகள் செய்தது. 2022இல் வந்தது ரைசன் 5 7600எக்ஸ். 2023 தொடக்கத்தில் வந்தது ரைசன் 5 7600. இரண்டுக்கும் ஆறு கருக்கள். முன்னதன் உச்ச வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ், பின்னதன் உச்ச வேகம் 5.1. முன்னது 142 வாட் வரை இழுத்துக்கொள்ள அனுமதி பெற்றது. பின்னதற்கு 88 வாட்டே எல்லை. வேகத்தின் வேறுபாடு நூற்றுக்கு நான்கு. திறன் எல்லையின் வேறுபாடு நூற்றுக்கு அறுபது. செயலி வாங்கப் போகிறவர் இந்த ஒரு சோடியை நினைவில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியை எடைபோட்டுவிடலாம்.

நூறு வாட் என்ன பெரிய சூடு, பழைய குண்டு விளக்கு ஒன்று அவ்வளவுதானே என்று தோன்றும். அளவு சிறிதுதான், ஆனால் அது வெளிப்படும் இடம் அதனினும் சிறிது. ஆயிரம் வாட் துணி தேய்க்கும் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதன் அடித்தகடு உள்ளங்கையைவிடப் பெரியது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து ஆறு வாட்டுக்கு மேல் வராது. ரைசன் செயலியின் கருக்கள் இருக்கும் சில்லோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவானது. அத்தனை வெப்பமும் அந்தச் சிறு பரப்பிலிருந்தே வெளியேற வேண்டும். மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். செயலிக்குச் செல்லும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். 120 வாட் இழுக்கும்போது அதனுள் ஏறத்தாழ நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. ஒரு சாதாரண வீடு முழுவதற்கும் வரும் மின்னோட்டத்தைக் காட்டிலும் இது மிகுதி.

இந்த வெப்பத்தை வாங்கி வெளியே விடுவதற்குத்தான் குளிர்விப்பான் வேண்டும். மறையூர்க்காரருக்கு இதனை விளக்குவது எளிது. வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்புச் சாற்றை அகன்ற கொப்பரையில் ஊற்றுகிறார்கள். குறுகிய குடத்தில் ஊற்றுவதில்லை. நீர் ஆவியாகி வெளியேறுவதற்குப் பரப்பு வேண்டும் என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள். குளிர்விப்பானில் அடுக்கடுக்காக நிற்கும் அலுமினியத் தகடுகளும் அதே பரப்புக்காகவே. செயலியின் தலைமேல் அழுந்தும் செம்புத் தளத்திலிருந்து தகடுகளுக்கு வெப்பத்தைக் கொண்டு செல்பவை வெப்பக் குழாய்கள். குழாய் என்றவுடன் திண்மமான செம்புக் கம்பி என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே காற்றை அகற்றிவிட்டுச் சிறிதளவு நீரை வைத்து அடைத்திருக்கிறார்கள். சூடான முனையில் நீர் ஆவியாகிறது. தகடுகளிடையே குளிர்ந்து மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலத்தின் வழியே திரும்பி வருகிறது. ஓசையில்லை; அசையும் உறுப்பும் இல்லை. பல ஆண்டுகள் ஒரு குறையுமின்றி இயங்கக்கூடிய ஏற்பாடு இது.

இனி மறையூருக்கே உரிய கேள்விக்கு வருவோம். அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த ஊராயிற்றே, கணிப்பொறிக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறு டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் குறைகிறது. சென்னைக் கடற்கரையோடு ஒப்பிட்டால் இது ஆதாயம். ஆனால் உயரம் ஏறும்போது காற்று மெலிந்தும் போகிறது. ஆயிரம் மீட்டரில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தைக் காட்டிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்றின் கொள்ளளவு மாறாது; எடை குறைகிறது. வெப்பத்தைச் சுமந்து செல்வது எடையே அன்றோ? சுமை தூக்கும் ஆட்களில் பத்துக்கு ஒருவர் வராத நிலை அது.

ஆதாயமும் இழப்பும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஈடாகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். செயலி அறையின் வெப்பத்தைவிட ஐம்பது டிகிரி மேலே நிற்கிறது என்று கொள்வோம். இதில் ஒரு பகுதி செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலேயே ஏற்படுகிறது. காற்று மெலிந்தாலும் தடித்தாலும் அது மாறாது. தகட்டிலிருந்து காற்றுக்குச் செல்லும் எஞ்சிய பகுதியே கூடும். கூடும் அளவு இரண்டு மூன்று டிகிரி. ஆக, ஆறு டிகிரி ஆதாயத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காற்றே திருப்பி எடுத்துக்கொள்கிறது. காந்தளூருக்கு ஏறினால், 1500 மீட்டருக்கு மேல், இரண்டும் அதே விகிதத்தில் வளர்கின்றன. கையில் மிஞ்சுவது மூன்று நான்கு டிகிரி. அதனை நம்பி வேகத்தை ஏற்ற முற்படுவது வீண். விசிறி சற்றுப் பெரிதாகவோ, பத்து விழுக்காடு விரைவாகவோ சுழன்றால் அவ்விழப்பு தீரும்; மெலிந்த காற்றில் விசிறியின் இரைச்சலும் சற்றுக் குறைவே என்பது ஓர் ஆறுதல்.

உயரத்தைக் காட்டிலும் பெரிய எதிரி தூசி. மறையூர் மலைமறைவில் கிடக்கும் ஊர். மூணாறு நனைந்துகொண்டிருக்கும் ஆடி மாதத்திலும் இங்கே நிலம் காய்ந்திருப்பதுண்டு. காய்ந்த மண்ணும் காற்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெல்லக் கொட்டகைக்கு அருகில் வீடு இருந்தால் சக்கை எரியும் அடுப்பின் கரிப்புகையும் சேரும். புகையோடு வரும் மெல்லிய பிசுக்கு தகடுகளின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் தூசி படிகிறது. பிறகு ஊதினாலும் போகாது. கடையில் வாங்கிய புதிதில் எழுபது டிகிரியில் ஓடிய செயலி ஓராண்டில் எண்பத்தைந்தில் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆகவே தகடுகள் மிக நெருக்கமாக அடுக்கிய குளிர்விப்பானை விட, இடைவெளி சற்று விட்டு அடுக்கியது இவ்வூருக்கு ஏற்றது. பெட்டியின் முன்புறம் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருக்க வேண்டும். உள்ளே காற்றைத் தள்ளும் விசிறிகள் வெளியே இழுப்பவற்றைவிட மிகுதியாக இருந்தால், காற்று வலை வழியாக மட்டுமே புகும். சந்துகளின் வழியே தூசி நுழையாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதும் நல்லது. இவையெல்லாம் சிறிய செய்திகள்தாம். செயலியின் பெயரைப் பற்றி நள்ளிரவு வரை வாதிடுகிற இளைஞர்கள் இவற்றைப் பற்றி ஒரு நிமிடமும் எண்ணுவதில்லை.

நீரால் குளிர்விக்கும் கருவி சிறந்ததா, காற்றால் குளிர்விப்பது சிறந்ததா என்று கேட்பவர் பலர். நீர்க் கருவியில் ஒரு சிறு பம்பு நீரைச் செயலியின் மேலிருந்து பெட்டியின் விளிம்பிலுள்ள ஆறும் பலகைக்குக் கொண்டு செல்கிறது. அங்கே வெப்பத்தை வாங்கிக்கொள்வது மறுபடியும் அதே காற்றுத்தான். நீர் வைத்துவிட்டால் மலைக்காற்றின் மெலிவிலிருந்து தப்பலாம் என்பது பிழையான எண்ணம். 250 வாட் இழுக்கும் செயலிக்கு நீர்க் கருவி வேண்டியிருக்கலாம். நூற்றுச் சொச்சம் வாட்டுக்கு நல்ல கோபுரக் குளிர்விப்பான் தாராளமாகப் போதும். பழுதாவதைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோபுரத்தில் கெடக்கூடியது விசிறி ஒன்றே. அது கெட்டால் உடுமலைப்பேட்டையில் கிடைக்கும் எந்த 120 மில்லிமீட்டர் விசிறியையும் மாட்டி அன்றே ஓட்டலாம். அடைத்து வரும் நீர்க் கருவியில் பம்பு நின்றால் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும். புதியது வரும் வரை கணிப்பொறி ஊமை. மற்றொரு நன்மையும் கோபுரத்துக்கு உண்டு. செயலிக்கு மின்னழுத்தம் தரும் உறுப்புகள் அதனைச் சுற்றித் தாய்ப்பலகையில் நிற்கின்றன. கோபுரத்தின் விசிறிக் காற்று அவற்றின்மீதும் படுகிறது. ஆகவே மறையூருக்கு நான் தயங்காமல் கோபுரத்தையே சொல்வேன். ஆறு வெப்பக் குழாய்களும் இரண்டு விசிறிகளும் கொண்ட இரட்டைக் கோபுரம் ஒன்று இக்காலத்தில் மிகை விலையின்றிக் கிடைக்கிறது. வாங்குமுன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இவை பெரும்பாலும் 155 முதல் 165 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. குறுகிய பெட்டியில் மூடி பொருந்தாது.

மின்சாரத்தால் உறையச் செய்யும் பெல்டியர் தகடு, பனிக்கட்டி இவற்றைக் கொண்டு பரிசோதனை செய்யும் ஆர்வலர்களும் உண்டு. 2011இல் திரவ ஹீலியத்தைக் கொண்டு ஏ.எம்.டி. எஃப்எக்ஸ் செயலி ஒன்றை 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றினார்கள். 2023இல் இன்டெல் செயலி ஒன்று 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அவை சில நிமிட நேரத்துச் சாதனைகள். அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்வித்தால், மலைப் பனிமூட்டத்தில் அதன்மேல் நீர் பூக்கும். நூறு ஆம்பியர் பாயும் பலகையின்மேல் நீர் பூப்பது நன்றன்று. சாதாரணக் கோபுரமோ நீர்க் கருவியோ அறை வெப்பத்துக்குக் கீழே எந்நாளும் இறங்காது. ஆதலால் அவற்றில் அந்த அச்சமில்லை.

குளிர்விப்பானை முதலில் சொல்லிவிட்டுச் செயலிக்குப் பின்னர் வருகிறேன். இந்த வரிசையை நான் வேண்டுமென்றே வைத்தேன். எவ்வளவு வெப்பத்தை அமைதியாக வெளியேற்ற முடியும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த அளவுக்குள் அடங்கும் செயலியைப் பிறகு தேட வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். கைப்பணத்தையெல்லாம் பெரிய செயலியில் போட்டுவிட்டு, மிஞ்சியதில் ஒரு சிறு குளிர்விப்பானை வாங்குகிறார்கள். அச்செயலி தன் சூட்டைத் தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதிக விலை கொடுத்துச் சிறிய செயலியின் வேகத்தைப் பெறுகிறார்கள்.

இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் கே என்ற எழுத்து இருந்தால்தான் வேகத்தை ஏற்றும் பூட்டு திறந்திருக்கும். அதற்கு இசட் வகைத் தாய்ப்பலகையும் வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் மேசைச் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு இல்லை. பி அல்லது எக்ஸ் வகைப் பலகை போதும். இன்டெல்லின் கோர் ஐ9-14900கே 253 வாட் வரை இழுக்கக்கூடியது. மலையூரில் கோபுரத்தோடு அதனை வைப்பது ஆட்டுக்குட்டியை மேய்க்க யானையைக் கட்டுவது போலாகும். கோர் ஐ5-14600கே 181 வாட் வரை செல்லும். அதனை 125 வாட்டில் நிறுத்திவைத்தால் காணொளி தொகுப்பவருக்கு நன்றாக உழைக்கும்.

ஆயினும் இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகளில் சில, ஓவர்கிளாக் செய்யாமலே நிலைகுலைந்தன. செயலி தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதும், அதனால் உள்ளே ஒரு சுற்று தேய்ந்ததும் காரணமென்று 2024இல் அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் திருத்திய நுண்நிரலை வெளியிட்டது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த செயலியை நுண்நிரல் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆகவே அத்தலைமுறையைச் சேர்ந்ததைப் பயன்படுத்தியவரிடமிருந்து மலிவாக வாங்க வேண்டாம். புதிதாக வாங்கினாலும் முதல் வேலையாகப் பலகையின் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தின் அருமை என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. செய்தவர்களுக்கே தப்பிப்போன அளவை, நாம் ஒரு மாலைப்பொழுதில் விரல்நுனியால் ஏற்றிப் பார்க்கிறோம்.

என் தேர்வைக் கேட்டால், பொதுவான உழைப்புக்கு 65 வாட் வகுப்பைச் சேர்ந்த ரைசன் ஒன்றைச் சொல்வேன்: முன்பு கூறிய 7600, அல்லது 2024இல் வந்த 9600எக்ஸ். கோபுரத்தின் கீழே இவற்றுக்கு ஏராளமான இடமிருக்கும். அந்த இடமே ஓவர்கிளாக் செய்பவரின் மூலதனம். விளையாட்டே முதன்மை என்பவருக்கு 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி பொருத்தம். 2022இல் வந்த 5800எக்ஸ்3டியில் மிகை நினைவகத்தைக் கருக்களின்மேல் அடுக்கியிருந்தார்கள், வெப்பம் அதனைத் தாண்டி வர வேண்டியிருந்தது, வேகமும் பூட்டப்பட்டிருந்தது. புதியதில் நினைவகம் கீழே போய்க் கருக்கள் குளிர்விப்பானுக்கு அருகே வந்தன, பூட்டும் திறந்தது. விலை மிகுதி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இச்செயலிகளில் வேகத்தை ஏற்றும் முறையும் பழைய முறையன்று. எல்லாக் கருக்களுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து நிறுத்திவைப்பதைவிட, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, மிஞ்சும் வெப்ப இடத்தில் செயலியையே ஏறிக்கொள்ள விடுவது நல்ல பலன் தருகிறது. சூடு குறைகிறது, வேகமும் சற்று ஏறுகிறது. இரண்டும் ஒருங்கே கிடைப்பது இத்தொழிலில் அரிது. ஆனால் ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு வகை. நண்பருடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்களுடையது நடுவழியில் நின்றுவிடக்கூடும். எல்லைக்கு வெளியே ஓட்டியதால் வரும் சேதம் பொதுவாக உத்தரவாதத்தில் அடங்காது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

சோதிக்கும் நேரம் ஒன்று உண்டு. பலரும் இரவில், குளிர்ந்த அறையில் சோதித்துவிட்டு வெற்றி என்று உறங்கச் செல்கிறார்கள். அறை 20 டிகிரியில் இருக்கும்போது 70 டிகிரி காட்டிய செயலி, சித்திரை மாதத்து நண்பகலில் அறை 33 டிகிரிக்கு ஏறும்போது 83 காட்டும். இரவில் நிலைத்து நின்ற அமைப்பு பகலில் சாயும். ஆகவே வெப்பம் மிகுந்த பிற்பகலில், சன்னல் மூடிய அறையில், ஒரு மணி நேரம் முழுப் பாரம் கொடுத்துப் பாருங்கள். அப்போது 85 டிகிரிக்குக் கீழே நின்றால் அந்த அமைப்பை நம்பலாம். குறித்துவைக்க வேண்டியது செயலியின் வெப்பத்தை மட்டுமன்று. அறையின் வெப்பத்தையும் பக்கத்தில் எழுதி, இரண்டின் வேறுபாட்டைக் கணக்கிட்டு வையுங்கள். மாதந்தோறும் அவ்வேறுபாடு வளர்ந்தால் தூசி படிந்துவிட்டது என்று பொருள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். மலைப்பாதையில் மரம் சாய்ந்து கம்பி அறுவது இயற்கை. வேகம் ஏற்றிய பொறி திடீரென்று அணைவதும் எழுவதும் அதற்கு ஆகாது. செய்த வேலையும் போகும். சாதாரணமாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் அளவே தாங்கும். செயலிக்கு 140, படம் வரையும் அட்டைக்கு 200, மற்றவைக்குக் கொஞ்சம் என்று கூட்டினால் அது போதாது. மின்சாரம் நின்ற அந்நொடியே யூபிஎஸ்ஸும் நின்றுவிடும். வாங்கும்போது விஏ எண்ணைப் பாராமல் வாட் எண்ணைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கோயம்புத்தூரிலேயே பூட்டிக்கொண்டு வருபவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெரிய இரட்டைக் கோபுரம் ஒரு கிலோவுக்கு மேலும் எடையுள்ளது. பெட்டியை நிற்கவைத்து மலைவளைவுகளில் ஏறிவந்தால், அந்த எடை தாய்ப்பலகையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே வரும். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கோபுரம் செங்குத்தாக நிற்கும்படி, அடியில் ஒரு மெத்தையிட்டுக் கொண்டு வாருங்கள். அதனினும் நல்லது, கோபுரத்தைத் தனியே பெட்டியில் கொண்டுவந்து வீட்டில் பூட்டுவது. தெர்மல் பேஸ்ட்டை ஒரு மிளகளவு வைத்தால் போதும். திருகுகளை ஒன்றை முழுதும் முறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.